காலந்தாழ்ந்து கற்றவர் கற்பித்த தமிழ்: வீரமாமுனிவர் வாழ்வும் வயது வந்தோர் மொழிக்கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

வீரமாமுனிவர் காப்பியப் புலவராகவும் அகராதித் தந்தையாகவும் எழுத்துச் சீர்திருத்தராகவும் தனித்தனியே ஆராயப்பட்டுள்ளார். முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றவர் என்ற அவரது வாழ்க்கைச் செய்தியை அவருடைய இலக்கண, அகராதி, உரைநடை நூல்களோடு இணைத்து நோக்கும்போது, அந்நூல்கள் பலவும் காலந்தாழ்ந்து கற்பவரின் தேவையை முன்னிறுத்தி அமைந்தவை என்பது புலனாகின்றது. பேச்சுத்தமிழில் தொடங்கிப் புலமைத்தமிழுக்கு வயது வந்த மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியராக அவரை இக்கட்டுரை வாழ்க்கை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வீரமாமுனிவர், கொடுந்தமிழ், செந்தமிழ், சதுரகராதி, பரமார்த்த குரு கதை, வயது வந்தோர் மொழிக்கல்வி.

முன்னுரை

திண்ணைப் பள்ளியில் பயின்ற தமிழ்ச் சிறுவனுக்கு எழுத்தும் எண்ணும் நீதி நூலும் நிகண்டும் பொருள் விளங்குவதற்கு முன்பே மனப்பாடமாகிவிடும். பொருள் பின்னர் வந்து சேரும். ஆண்டுகள் செல்லச் செல்ல, நினைவில் கிடந்த நூற்பாவும் செய்யுளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். புலமைத்தமிழ் இவ்வாறு இளமையில் இட்ட வித்தாகவே நெடுங்காலம் வளர்ந்து வந்தது. வயது வந்தபின் இம்மொழியைக் கற்க முற்படுபவரிடம் அந்த வித்து இல்லை. வேலைப்பொறுப்பும் சிதறிய நேரமும் தளர்ந்த நினைவாற்றலும் உடைய அவருக்குப் பேச்சுத்தமிழ் பழக்கத்தால் வந்துவிடும். நூல்தமிழ் அவ்வாறு வருவதில்லை. அதற்கு ஆசிரியர் ஒருவரின் விளக்கம் தேவைப்படுகிறது.

இந்தத் தேவையைத் தம் வாழ்விலேயே உணர்ந்து, அதற்கேற்ற நூல்களைப் படைத்தளித்தவர் வீரமாமுனிவர். அவர் வாழ்வை இக்கோணத்தில் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வருகையும்

கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அண்மையிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். அச்சபையின் கல்வி மரபில் இலத்தீன் இலக்கணமும் அணியியலும் மெய்யியலும் இறையியலும் முறையாகப் பயிற்றப்பட்டன. இலக்கணத்தைப் படிப்படியாகக் கற்பிக்கும் ஒழுங்கை அவர் முதலில் கண்டது அங்குதான். பின்னாளில் தமிழ் இலக்கணத்தை அயலவர்க்கு வகுத்துரைத்தபோது இப்பயிற்சி அவருக்குத் துணைநின்றது.

குருத்துவத் திருநிலை பெற்றபின் கடல்வழியாகப் புறப்பட்டு 1710இல் கோவாவை அடைந்தார். 1711இல் மதுரை மறைப்பணித் தளத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகள் எளியனவாக இருக்கவில்லை. குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு உயிருக்கே இடர் நேர்ந்த நிலையிலிருந்து அவர் மீண்டார் என்று சபை வரலாறு கூறும். பின்னர் கொள்ளிடத்தின் வடபாலுள்ள ஏலாக்குறிச்சி அவரது முதன்மை இருப்பிடமாயிற்று. அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, கலம்பகமும் பாடினார். கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பியதும் அவர் பணிகளுள் ஒன்றாகும்.

தமிழ்நாட்டில் தைரியநாதர் என்றும் பின்னர் வீரமாமுனிவர் என்றும் அவர் அழைக்கப்பட்டார். சந்தா சாகிபின் திவானாக விளங்கினார் என்பது போன்ற செய்திகள் பிற்கால வரலாறுகளில் காணப்படினும் ஆய்வாளர் அவற்றை ஐயுறுவர். அவர் நூல்களே காட்டும் வாழ்வு ஒன்று உண்டு. அது மாணவராக இருந்து ஆசிரியராக உயர்ந்த ஒருவரின் வாழ்வாகும்.

மாணவராக வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது மரபுவழிச் செய்தி. நன்னூல் முதலிய இலக்கணங்களும் திருக்குறளும் சீவக சிந்தாமணியும் கம்பராமாயணமும் அவர் ஆழ்ந்து கற்றவை என்பதற்கு அவருடைய நூல்களே சான்று. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1726இல் முற்றுப்பெற்ற தேம்பாவணி, சூசையப்பரை வளன் எனப் பெயரிட்டுத் தலைவராகக் கொண்டு, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களுமாக அமைந்தது. தமிழ் மண்ணில் கால் வைத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓர் அயலவர் தமிழ்க் காப்பிய மரபின் உள்ளே நின்று இதனைப் பாடினார்.

இவ்வெற்றியை வியப்பதோடு ஆய்வு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் கல்வியியல் நோக்கில் கருதத்தக்கது தேம்பாவணிக்குப் பின் அவர் செய்த பணியாகும். காப்பியம் பாடி முடித்தவர் அடுத்த ஆண்டுகளில் தொடர்ந்து எழுதியவற்றுள் பெரும்பகுதி கற்பிக்கும் நூல்கள். உபதேசியார்க்கு ஒழுக்க நூல், மறைப்பணியாளர்க்குப் பேச்சுத்தமிழ் இலக்கணம், அவர்கள் மேற்செல்வதற்குச் செந்தமிழ் இலக்கணம், தமிழிலேயே ஐந்திலக்கணம், நால்வகை அகராதி, நகைச்சுவைக் கதை என இவ்வரிசை அமைகிறது. தாம் ஏறிய படிகளைத் திரும்பிப் பார்த்து, பின்னே வருபவர்க்குக் கைப்பிடி அமைத்தவரின் செயலாக இதனைக் கொள்ளலாம்.

இரண்டு தமிழ், இரண்டு இலக்கணம்

அயலவர் தமிழ் கற்பதற்கான இலக்கணங்கள் அவருக்கு முன்பும் தோன்றியிருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் அன்றீக்கு அடிகளார் போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. இவை வழக்குத்தமிழை மையமாகக் கொண்டவை. தமிழைப் பேச்சுமொழி, புலமைமொழி என இரு தளங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம் எழுதியது வீரமாமுனிவரின் தனிச்சிறப்பு. கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728இலும், செந்தமிழ் இலக்கணத்தை 1730இலும் இலத்தீனில் அவர் எழுதினார்.

இப்பகுப்பு மொழியியல் உண்மை மட்டுமன்று, கற்பிக்கும் முறையுமாகும். வயது வந்த மாணவர் முதல்நாள் முதலே மக்களோடு பேசியாக வேண்டியவர். இலக்கணம் முழுதும் கற்றபின் பேசலாம் என அவர் காத்திருக்க இயலாது. ஆகவே கொடுந்தமிழ் இலக்கணம் வழக்கில் உள்ளதை உள்ளவாறு எடுத்துரைக்கிறது. பெயரும் வினையும் தொடரமைப்பும் மட்டுமன்றி, எண், அளவை, காலக்கணக்கு போன்ற அன்றாடத் தேவைகளும் அதில் இடம்பெறுகின்றன. எழுத்தில் ஐந்து என இருப்பது நாவில் அஞ்சு என வருவதைப் பிழையெனத் தள்ளிவிட்டால், சந்தையில் நிற்கும் அயலவருக்கு எதுவும் விளங்காது. வழக்கை மதிக்கும் ஆசிரியரே அவருக்குப் பயன்படுவார்.

இரண்டாம் இலக்கணம் மாணவரை அடுத்த தளத்திற்கு அழைக்கிறது. அதன் முன்னுரையில் வீரமாமுனிவர் உடன்பணியாளரை நோக்கிச் செந்தமிழ் கற்பதன் தேவையை வலியுறுத்துகிறார். தமிழரிடையேயும் செந்தமிழில் வல்லவர் அருகியிருந்த நிலையை அவர் சுட்டுகிறார். அதன் தொடக்க அறிவு உடையவரையும் மக்கள் மதித்தமையைக் குறிப்பிடுகிறார். கற்பதற்குக் கடினமான ஒன்றை எளிதென்று கூறி மாணவரை அவர் ஏமாற்றவில்லை. அதனால் விளையும் பயனை முன்வைத்து ஊக்குகிறார். முதிர்ந்த மாணவரிடம் ஆணையிடுவதைவிடக் காரணம் கூறுவதே ஏற்றது என்னும் உணர்வு இவ்வணுகுமுறையில் வெளிப்படுகிறது. விதியை உரைத்தவுடன் குறள் முதலிய நூல்களிலிருந்து எடுத்துக்காட்டும் தருவதால், இலக்கணம் பயிலும்போதே இலக்கியமும் மாணவருக்கு அறிமுகமாகிறது.

உபதேசியார்க்கான உரைநடை

அவருடைய மாணவர் அயலவர் மட்டும் அல்லர். ஊரூராகச் சென்று மறையுரைத்த உபதேசியார் தமிழர். பெரும்பாலும் குடும்பப் பொறுப்புடைய வயது வந்தோர். தாய்மொழி தமிழேயாயினும், நுண்ணிய கருத்துகளை ஒழுங்குபட எடுத்துரைக்கும் மொழித்திறன் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்களுக்காக எழுதப்பட்ட வேதியரொழுக்கம் செய்யுளாக அன்றி உரைநடையாக அமைந்தது. வேத விளக்கம் முதலிய நூல்களும் உரைநடையே.

புலமைக்குரிய பொருள் செய்யுளில்தான் உரைக்கப்பட வேண்டும் என்னும் வழக்கம் ஓங்கியிருந்த காலத்தில், காப்பியம் பாட வல்ல ஒருவர் உரைநடையைத் தேர்ந்தது கருதத்தக்கது. அச்செயலில் ஆசிரியரின் கணிப்பு இருக்கிறது. செய்யுள் நினைவில் நிற்கும். ஆனால் அதனைத் தம் சொல்லில் விரித்துரைக்கத் தனிப்பயிற்சி வேண்டும். உரைநடையோ படித்தவாறே பேச்சிற்கு உதவும். காரணமும் விளைவும், ஐயமும் விடையும், பொதுவும் சிறப்பும் தொடர்ந்து இணையும் நீண்ட வாக்கியங்களைப் படித்த உபதேசியார், அவ்வமைப்பையே தம் பேச்சிலும் கையாளக் கற்றிருப்பர். மாணவர் பின்பற்றத்தக்க மொழியில் ஆசிரியர் பேசுவதே கற்பித்தலாகிறது என்பதற்கு இது சான்றாகும்.

நினைவுக்குத் துணையாக அகராதி

தமிழ்ச் சொற்பொருளைத் தொகுத்தளித்த நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கு மட்டுமே அவை பயன்பட்டன. ஒரு சொல்லின் பொருளை அறிய அச்சொல் வரும் செய்யுள் நினைவில் இருக்க வேண்டும். இளமையில் நிகண்டு கற்காதவருக்கு இந்தக் கதவு மூடியே கிடந்தது.

1732இல் இயற்றப்பட்ட சதுரகராதி இக்கதவைத் திறந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது அது. பெயரகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தரும். பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தரும். தொகையகராதி எண்ணிட்டு வழங்கும் தொகைச்சொற்களை விரிக்கும். தொடையகராதி எதுகைக்குரிய சொற்களைத் திரட்டித் தரும். சொற்கள் அகர வரிசையில் நிற்பதால், எழுத்துகளின் வரிசையை அறிந்த எவரும் வேண்டிய சொல்லைத் தாமே தேடிப் பெறலாம்.

இந்நான்கு பகுப்பும் மாணவரின் நான்கு தேவைகளோடு பொருந்துவது நோக்கத்தக்கது. நூலைப் படிப்பவருக்குப் பெயரகராதி உதவும். எழுத முனைபவர் ஏற்ற சொல்லைத் தேடப் பொருளகராதியை நாடுவார். மூவேந்தர், நானிலம் போன்ற மரபுத்தொகைகள் தமிழ்ச் சூழலில் வளர்ந்தவருக்கு இயல்பாகத் தெரியும். பிறருக்கு அவற்றைத் தொகையகராதி அறிவிக்கும். செய்யுள் இயற்றப் பழகுபவருக்குத் தொடையகராதி துணையாகும். படித்தல், எழுதுதல், பண்பாட்டறிவு, யாப்புப் பயிற்சி ஆகிய நான்கும் ஒரே நூலில் அடங்கின. ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் மாணவர் கற்றலைத் தொடர இந்நூல் வழிசெய்தது.

தொன்னூல் விளக்கத்தையும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணலாம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் ஒரு நூலில் சுருக்கி, நூற்பாவோடு உரையையும் அவரே எழுதினார். நூலாசிரியரும் உரையாசிரியரும் வெவ்வேறு காலத்தவராக இருப்பது தமிழ் மரபில் பெருவழக்கு. இங்கு விதியைச் சொன்னவரே விளக்கத்தையும் உடன் தருவதால், மாணவர் உரைகாரரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எழுத்தில் ஒரு தெளிவு

ஓலைச்சுவடியில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையால் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி அறிவது கடினமாயிற்று. இளமைமுதல் தமிழ் கேட்டவர் இடம் நோக்கிச் சரியாகப் படித்துக்கொள்வார். செவிப்பழக்கம் இல்லாதவரோ செறிவு என்பதற்கும் சேறு என்பதற்கும் தொடக்கத்திலேயே இடறுவார். நெடிலுக்குரிய கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து எழுதும் முறையை வீரமாமுனிவர் எடுத்துரைத்தார். இன்று ெ, ே என்னும் இரண்டும் வேறாகத் தோன்றுவதில் அம்முறையின் தொடர்ச்சி காணப்படுகிறது.

இம்மாற்றம் சிறிதாயினும் அதன் அடிப்படை ஆழமானது. பழகியவருக்குக் குறையாகத் தோன்றாத ஒன்று, புதிதாகக் கற்பவருக்குத் தடையாகிறது. அத்தடையைக் காணத் தாமும் ஒருகாலத்தில் அதில் இடறியவராக இருத்தல் வேண்டும். வீரமாமுனிவர் அத்தகையவர்.

சிரிப்பின் வழியே பாடம்

பரமார்த்த குரு கதை இன்று சிறுவர் நூலாகவே அறியப்படுகிறது. அது தோன்றியது வயது வந்த மாணவருக்காக. எளிய வழக்குத் தமிழில் எழுதப்பட்டு இலத்தீன் மொழிபெயர்ப்போடு அகராதிக்கு இணைப்பாக அமைந்த அக்கதை, தமிழ் கற்கும் மறைப்பணியாளர்க்குரிய வாசிப்புப் பாடமாகும். இலக்கணத்தில் தனித்தனியே கற்ற வடிவங்கள் கதையோட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும்போது, முயற்சியின்றியே மனத்தில் பதிகின்றன.

கதையின் உள்ளடக்கத்திலும் ஒரு மொழிப்பாடம் மறைந்திருக்கிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் அறிவிலிகள் என்பதைவிட, சொல்லைச் சொல்லாக மட்டும் கொள்பவர்கள் என்பதே பொருந்தும். குருவின் தலைப்பாகை விழுந்தபோது எடுக்கச் சொல்லவில்லை என்று விட்டுவிடுகின்றனர். விழுவனவற்றையெல்லாம் எடுக்கச் சொன்னபின் குதிரைச் சாணத்தையும் ஏந்துகின்றனர். எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதி வாங்கிக்கொண்டபின், பள்ளத்தில் விழுந்த குருவின் பெயர் அதில் இல்லையென்று அவரை அங்கேயே கிடக்க விடுகின்றனர். குரு தம்மையும் பட்டியலில் சேர்த்து எழுதிய பின்னரே மீள்கிறார்.

விதியை மட்டும் கற்று இடமறியும் அறிவைப் பெறாத மாணவரின் நிலை இது. ஆசிரியரும் இதில் தப்பவில்லை. தெளிவாகச் சொல்லத் தவறிய குருவே முதலில் துன்புறுகிறார். கற்பிப்பவர் தாம் சொன்னதை மட்டும் நினைத்தால் போதாது. மாணவர் அதனை எவ்வாறு கொள்வார் என்பதையும் எண்ணிப் பேச வேண்டும். முப்பது வயதில் பிறமொழி கற்கத் தொடங்கிய ஒருவர் இத்தகைய குழப்பங்களை எத்தனை முறை நேரில் கண்டிருப்பார் என்பதை உணர்ந்தால், இந்நகைச்சுவையின் வேர் விளங்கும். பிழை செய்யும் மாணவரை நாணச் செய்யாமல், அவரும் சேர்ந்து சிரிக்கும்படி பிழையை வெளியே வைத்துக் காட்டுகிறது இக்கதை.

மறைவும் நூல்களின் பயணமும்

முதுமையில் வீரமாமுனிவர் தமிழ்நாட்டை விட்டு நீங்கிக் கேரளத்தில் உள்ள அம்பலக்காட்டில் தங்கினார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே காலமானார்.

அவர் நூல்கள் சென்ற வழி அவரே எதிர்பாராதது. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையினரை எதிர்த்து அவர் கடுமையாக எழுதியவர். லுத்தேரினத்தியல்பு என்னும் நூல் அவ்வெதிர்ப்பின் வெளிப்பாடு. ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, அச்சிட்டவர்கள் அந்தத் தரங்கம்பாடியாரே. கொள்கையில் எதிர்நின்றவரும் தமிழ் கற்க அவர் நூலையே நாடினர். கற்பவரின் தேவையை அறிந்து எழுதிய நூலுக்குச் சமயப் பகை தடையாகவில்லை.

1812இல் சென்னையில் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, ஆட்சிப்பணிக்கு வந்த இளம் ஆங்கிலேயர்க்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்தது. வீரமாமுனிவரின் நூல்கள் மறைப்பணியாளரிடமிருந்து ஆட்சிப்பணியாளரிடம் சென்றன. கொடுந்தமிழ் இலக்கணம் 1813இல் அக்கல்லூரி அச்சகத்தில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. கல்லூரியின் தோற்றத்திற்குக் காரணமானவருள் முதன்மையான எல்லிஸ், வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடித் தொகுக்க முத்துசாமிப் பிள்ளையை அனுப்பினார். முத்துசாமிப் பிள்ளை 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதே ஆண்டு செந்தமிழ் இலக்கணமும் பரமார்த்த குரு கதையும் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தன. சதுரகராதி 1824இல் அச்சேறியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும், வயது வந்த மாணவர்க்குத் தமிழ் கற்பிக்க முற்பட்டோர் அவரிடமே திரும்பி வந்தனர்.

முடிவுரை

வீரமாமுனிவரின் கல்விப்பணிக்கு எல்லைகளும் உண்டு. இரு இலக்கணங்களும் இலத்தீனில் அமைந்தமையால், பேச்சுத்தமிழிலிருந்து செந்தமிழுக்கு ஏற விரும்பிய தமிழர்க்கு அவை எட்டவில்லை. அயலவர்க்கு அமைத்த படிக்கட்டுக்கு ஈடான ஒன்று கொடுந்தமிழ் மட்டும் அறிந்த தமிழர்க்கு அமையவில்லை. சதுரகராதியும் உரைநடை நூல்களும் அவ்விடைவெளியை ஓரளவே நிரப்பின. மறைபரப்பும் நோக்கம் அவர் பணியின் இயக்குவிசையாக இருந்ததையும் மறுப்பதற்கில்லை.

இவ்வெல்லைகளுக்குள்ளும் அவர் வாழ்விலிருந்து பெறத்தக்க கருத்துகள் தெளிவானவை. மாணவரின் பேச்சுமொழியை இழிவெனத் தள்ளாது அங்கிருந்தே தொடங்குதல், மேல்நிலை மொழியின் தேவையைக் காரணத்தோடு விளக்குதல், மாணவர் பின்பற்றத்தக்க உரைநடையில் தாமே பேசிக்காட்டுதல், நினைவாற்றலின் குறையை ஈடுசெய்யும் கருவி நூல்களை அளித்தல், பிழையை நகைச்சுவையோடு அணுகுதல் என்பன அவை. இன்று முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்திற்கு வந்து ஆய்வுத்தமிழ் எழுதத் தடுமாறும் மாணவர், இடைநின்ற கல்வியை நடுவயதில் தொடர்பவர், பிறமொழிச் சூழலில் வளர்ந்து தமிழுக்குத் திரும்புபவர் ஆகியோரின் முன்னும் இருப்பது கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் இடைப்பட்ட அதே தொலைவுதான். அவர்கள் திறன் குறைந்தவர் அல்லர். இளமையில் இட வேண்டிய வித்து இடப்படாதவர். தாமும் ஒருகாலத்தில் அத்தொலைவைக் கடந்தவர் என்பதை மறவாத ஆசிரியரிடம் அவர்கள் கற்பர் என்பதை வீரமாமுனிவரின் வாழ்வு மெய்ப்பிக்கிறது.